பெரியவளுக்கு வராத வேலை

அந்தத் தையல் கூடத்தில் நான் காஜா எடுக்கிறவள். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. கை அதுபாட்டுக்கு ஓடும், கண்ணுக்கும் காதுக்கும் அங்கே வேலை கிடையாது. அதனால் அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு டம்ளர்கூட உருண்டதில்லை. ஒட்டுக் கேட்கிறவள் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்ததே அவர்கள்தான்.

முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, மாடியில் அண்ணனுக்கு ஓர் அறை, தம்பிக்கு ஓர் அறை. கூடத்துக்கு மேலே தகரம் போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் துணிக்கட்டைத் தொட்டால் அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். மழைக் காலத்தில் மிஷின் சத்தமும் தகரத்தின் சத்தமும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதை வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடச் சீருடைதான் பிரதானம். அண்ணன் முதலாளி. தம்பி வேன் ஓட்டி, தைத்ததைக் கொண்டுபோய்ப் போடுவார். அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் தம்பி மனைவியைச் சின்னவள் என்றும் நாங்கள் சொல்லிக்கொள்வோம், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே இருவருமே அக்காதான்.

முன்பு அங்கே ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். நல்ல கைக்காரர், அதைவிட நல்ல வாய்க்காரர். ஒருநாள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அட்டைகளையெல்லாம் சுருட்டிக் கட்டி, அடுத்த தெருக் கடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அட்டை என்றால் அதுதான் உயிர். அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். எந்த வயதுப் பையனுக்கு எவ்வளவு, எந்த வயதுப் பெண்பிள்ளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த அட்டைகளில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். முதலாளி வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த சின்னவள், "எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

பாவி, அந்த வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அவள் கம்ப்யூட்டர் படித்தவள். தையல் அளவு வரைவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். யாரோ ஊருக்கு உபகாரமாக எழுதி, வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. வீடியோ பார்த்துப் பார்த்து அவளே கற்றுக்கொண்டாள். மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று ஓர் இடத்தில் எழுத வேண்டும். மார்பில் நாலில் ஒரு பங்கு, அதோடு கொஞ்சம் தளர்வு என்று இன்னோர் இடத்தில் கணக்குச் சொல்லிக் கோடு போட வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். அளவை மாற்றினால் கோடெல்லாம் தானே நகர்ந்து, குண்டுப் பையனுக்கும் ஒல்லிப் பையனுக்கும் அதுவே அட்டை போட்டுக் கொடுக்கும். சாதாரணத் தாளில் துண்டு துண்டாக அச்செடுத்து, நம்பர் பார்த்து ஒட்டி, அட்டைமேல் வைத்து வெட்டிக்கொள்ள வேண்டியது. நானே சில நாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் மானத்தைக் காப்பாற்றியது அவள்தான். முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆடி முடித்ததும் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்டு, அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். ஜன்னல் கிடையாது. நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். நீட்டினால் கால் சுவரில் முட்டும். "இனிமே இந்தக் கணக்கு வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. வெளி ஆளுக்கு யாரும் சொல்லித் தரக் கூடாது" என்று ஒரு சட்டமும் போட்டார். கணக்கு போகக் கூடாது என்றால் கணக்கு தெரிந்தவளும் போகக் கூடாது என்றுதானே அர்த்தம்? சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போனவளைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பி, "அந்தப் பெரிய சைஸ் கழுத்து இறங்குதும்மா, கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போயிடேன்" என்று போனில் கூப்பிட்டவர் முதலாளி. அன்றைக்குப் பட்டுப்புடவையோடு அவள் அந்தப் படிக்கடியில் குனிந்து நுழைந்தாள்.

இப்படி இருக்கையில்தான் வெளியூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பெரிய உடுப்புக் கம்பெனி ஒன்றில், மாதிரி உடுப்பு தைக்கிற பிரிவுக்கு ஆள் வேண்டுமாம். துணி விற்க வருகிறவர் இவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு அங்கே சொல்லியிருக்கிறார். அவளுக்கு வேலை, அவள் புருஷனுக்கு அங்கேயே வண்டி ஓட்டுகிற வேலை, தங்க வீடு. மாதம் பிறந்ததும் வந்து சேர வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் அவள் அதைச் சொன்னாள். சோறும் பருப்பும் பரிமாறிக்கொண்டிருந்த பெரியவளின் கரண்டி ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

"போகலாம்" என்றார் முதலாளி. "யாரு வேண்டாம்னா? நல்ல இடம் வந்தா போகத்தானே வேணும். என்னடா, நீ என்ன சொல்றே?"

தம்பி, அதாவது எங்களுக்குச் சின்னவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நீங்க சொல்றதுதாண்ணே."

"போறதுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு ஆளுக்கு அதைப் பழக்கி விட்டுட்டுப் போகணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. வெளி ஆளு வேணாம். ஒருத்தன் பண்ணிட்டுப் போனது போதும்."

"வீட்டுல யாரு மாமா இருக்காங்க?"

"ஏன், உங்க அக்கா இல்லையா?"

"எனக்கா?" என்று பெரியவள் கரண்டியோடு சிரித்தாள். "நல்லா கேட்டீங்க போங்க. எனக்கு மொபைல்ல போன் எடுக்கவே கை நடுங்குது."

"சொல்லித் தந்தா வரும். கத்துக்கோ."

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெரியவள் படிக்கடியில் போய் உட்காருவாள். சின்னவள் பின்னால் கூன் போட்டு நிற்பாள். அந்தக் கூத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

"அக்கா, மவுஸை மேஜைமேல வெச்சு நகர்த்துங்க. தூக்காதீங்க."

"தூக்கலைன்னா எப்படி மேல போகும்?"

"மேஜையிலேயே முன்னால தள்ளுங்க."

"தள்ளிட்டேன். சுவர் வந்துடுச்சு."

"எடுத்துப் பின்னால வெச்சு மறுபடி தள்ளுங்க."

"இப்பதானே தூக்காதேன்னே?"

தையல்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். துணி ஓரம் அடிக்கிற மிஷின் மாதிரி, பேச ஆரம்பித்தால் நிற்காமல் போவதால் நாங்கள் அவரை ஓவர்லாக் என்போம். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டு இல்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டிகூடக் கட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஒருநாள் ரகசியமாகச் சொன்னாள்: "அங்க மேஜைக்குப் பக்கத்துல பெரிய ஜன்னலாம் அக்கா. போட்டோ அனுப்பியிருக்காங்க." போட்டோவைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, ஒரு மொட்டைச் சுவரும் கொஞ்சம் வானமும்தான். அதைப் போய் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரியவள் ஒரு மாதிரியாக அளவைத் திறக்கவும் அச்செடுக்கவும் பழகினாள். கோடு போடுவதெல்லாம் வேண்டாம், இருப்பதை எடுத்துக் கொடுத்தால் போதும், புதிதாக வேண்டியதை நான் அங்கிருந்து அனுப்புகிறேன் என்று சின்னவள் இறங்கி வந்திருந்தாள். முதலாளியும் அரை மனசாகத் தலையாட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துக் கால்சட்டை முழுவதையும் பெரியவளே தனியாக அச்செடுத்துத் தரட்டும், பார்க்கலாம் என்றார். பரீட்சை மாதிரி.

எடுத்தாள். ஒட்டினாள். வெட்டியும் கொடுத்தாள். அடுக்கடுக்காகத் துணி விரித்து, அட்டை வைத்து, மிஷின் கத்தியால் அறுத்துத் தைத்தாயிற்று. கொண்டுபோன சின்னவர் வேனோடு அப்படியே திரும்பி வந்தார்.

"எல்லாம் சின்னதா இருக்காம்ணே. எந்தப் பையனுக்கும் ஏறலை."

விஷயம் இதுதான். அச்செடுக்கும்போது தாளுக்குள் அடங்குகிற மாதிரி எடு என்று ஒரு இடத்தில் இருக்கும். அதைத் தொட்டிருந்தால் படம் முழுக்கக் கொஞ்சம் சுருங்கிவிடும். பார்த்தால் தெரியாது. அதற்காகவே முதல் தாளில் ஒரு சதுரக் கட்டம் வரும். டேப்பை வைத்து அதை அளந்து, சொன்ன அளவு இருந்தால்தான் மற்றதை ஒட்ட வேண்டும். சின்னவள் அதை மட்டும் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"கட்டத்தை அளந்தீங்களா அக்கா?"

"எந்தக் கட்டம்?"

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சோறு வடிக்கிறவளைக் கொண்டுபோய் உட்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று பெரியவளை எங்கள் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. துணி என்னவோ வீணாகவில்லை. எல்லாம் ஒரு சைஸ் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சைஸ் எழுதிய சீட்டை மாற்றித் தைத்து, கீழ் வகுப்புகளுக்குக் கொடுத்தோம். பெரிய சைஸ் மட்டும் புதிதாக வெட்ட வேண்டி வந்தது. தப்புப் பண்ணினாலும் இவ்வளவு பதவிசாகப் பண்ணியிருக்கிறாளே என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இதுக்கு மேல அந்தப் பேச்சே வேணாம்" என்றார் முதலாளி. "இது அவளுக்கு வராது. நீ எங்கேயும் போக வேணாம்மா. அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

"மாமா, முடிவு சொல்ல அவங்க இன்னும் ரெண்டு நாள் டைம் கொடுத்திருக்காங்க."

"ரெண்டு நாள்ல அவ மண்டைக்குள்ள புதுசா என்ன முளைக்கப் போகுது?"

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வேன் சாவியைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கரண்ட் வேறு கொஞ்ச நேரம் போய், அப்போதுதான் வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். முதலாளி மாடியில். நான் துணிக்கட்டுக்குப் பின்னால் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வயதானால் தூக்கம் எங்கே வருகிறது? அச்சு மிஷின் கரகரவென்று தாள் தள்ளுகிற சத்தம் கேட்டது. சின்னவளாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சின்னவள் கொல்லைப்பக்கமிருந்து துணி எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள்.

படிக்கடியில் உட்கார்ந்திருந்தது பெரியவள். கழுத்தில் டேப்பு. இடது கையில் முதல் தாள். கட்டத்தின்மேல் டேப்பை வைத்து, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை அளந்து, சரி என்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு தாளைக் கீழே வைத்தாள். திரையில் ஒரு கவுன் இருந்தது. அக்குள் வளைவைப் பிடித்து நகர்த்திப் பார்த்து, பிடிக்காமல் பழையபடி வைத்தாள். மவுஸ் அவள் கையில் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடந்தது.

"அக்கா."

பெரியவள் திரும்பினாள். பதறவில்லை. "கத்தாதே. காஜாக்காரி தூங்கறா."

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுது."

"ஆமா."

"எப்போலேர்ந்து?"

"மாஸ்டர் போன புதுசுல நீ வீடியோ பார்ப்பியே, அப்போலேர்ந்தே. காய் நறுக்கிட்டே உன் பின்னால நின்னு நானும் பார்ப்பேன். நல்லா இருந்துச்சு. ஒரு இடத்துல இழுத்தா எல்லாம் சேர்ந்து நகருதே, அது எனக்குப் பிடிச்சுப் போச்சு. மத்தியானத்துல எனக்குன்னு ஏதாவது வரைஞ்சு பார்ப்பேன்."

"அந்தக் கால்சட்டை?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன். துணி பாழாகாத மாதிரி பார்த்துதான் எடுத்தேன்."

சின்னவள் கையிலிருந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏன்க்கா? என்னைப் பிடிக்கலையா? நான் போனா உங்களுக்கு என்ன?"

"உன்னைப் பிடிக்கும். நீ போகணும்னும் ஆசைதான்." பெரியவள் தாள்களை ஓரம் தட்டி அடுக்கினாள். "நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு, சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு சொல்லிட்டேன். சின்ன வயசு, நல்ல பேர் வாங்கணும்னு ஆசை. அன்னைக்கு அடுப்படிக்குள்ள போனவ. இன்னும் வெளிய வரலை. அதுக்கப்புறம் புத்தி வந்துடுச்சு. வண்டி ஓட்டத் தெரியுமா? தெரியாது. ஓவர்லாக் மிஷின்? தெரியாது. பேங்க்ல பணம் போடத் தெரியுமா? ஐயோ எனக்கு பயம். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். சாப்பாட்டுக்கப்புறம் ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதையும் குடுத்துட்டு இந்தப் படிக்கு அடியில வந்து உக்காரச் சொல்றியா?"

"அப்போ நான் மட்டும் உக்காரணுமா?"

"நான் உக்காரச் சொன்னேனா? தெரியும்னு நீதான் சொன்னே."

"மாமா கஷ்டத்துல நின்னாரு, அக்கா."

"நிப்பாரு. அவருக்கென்ன, எப்பவும் ஏதாவது ஒரு கஷ்டத்துல நின்னுட்டுதான் இருப்பாரு."

சின்னவள் அழுதாள். சத்தம் வராமல், துவைத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "அக்கா, நான் போய்ச் சொல்லிடுவேன்."

"சொல்லு. எனக்குத் தெரியாதுன்னு நானும் சொல்லுவேன். யாரை நம்புவாங்கன்னு நினைக்கிறே?" என்று சொன்ன பெரியவள், எழுந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. "திட்டிக்கோ. என்னை எவ்வளவு வேணா திட்டிக்கோ" என்றாள்.

இருவரில் யார் பக்கம் நியாயம் என்று அந்தத் துணிக்கட்டுக்குப் பின்னால் கிடந்தபடி நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்மேல்தான் கோபம் வந்தது.

சின்னவள் அன்றைக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் மனுஷ ஆசை என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் காலை பெரியவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தாள். வெட்டி, தைத்து, இஸ்திரியும் போட்டாயிற்று போல. வெளிர் நீலம். மிச்சத் துணியில் தைத்ததுதான். அவளுக்கு ஒரு தோள் கொஞ்சம் இறக்கம். இடுப்புக் குடம், எண்ணெய் டின், வருஷக்கணக்கான தூக்கல். எந்த ரவிக்கையும் அந்தப் பக்கம் சுருக்கம் விழும். இதில் விழவில்லை. அக்குளில் பிடிப்பில்லை, முதுகில் தொய்வில்லை. தட்டை நீட்டிக் குனிந்தாலும் கழுத்து இறங்கவில்லை. அவளைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தாள். ஓவர்லாக்கே வாயடைத்துப் போனார்.

முதலாளி டீயை எடுக்கவில்லை. எத்தனை குறை இருந்தாலும் அவர் தையல்காரர். மனைவியின் முகத்தைப் பல வருஷமாகப் பார்க்காதவராக இருக்கலாம். தோள் தையலைப் பார்க்காமல் விட மாட்டார்.

"திரும்பு" என்றார்.

பெரியவள் தட்டோடு திரும்பினாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்லப் போவதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இதை யாரு வெட்டினது? நம்ம அட்டையில இப்படி ஒரு தோள் கிடையாதே." சின்னவளைப் பார்த்தார். "நீயாம்மா வரைஞ்சே?"

கூடத்தில் ஒரு மிஷினும் ஓடவில்லை. பெரியவள் சின்னவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை அது. நான்தான் என்று சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். நான் காஜா ஊசியை விரலில் குத்திக்கொண்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"இல்ல மாமா" என்றாள் சின்னவள். "அக்காதான் வரைஞ்சாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். என்னைவிட நல்லாவே தெரியும். இப்போ நான் போகலாம்ல?"

முதலாளி மனைவியைப் பார்த்தார், தம்பி மனைவியைப் பார்த்தார். மறுபடி அந்தத் தோளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு பேரா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "ஒரு ஆளை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறதுன்னு உடுப்பு கேட்டு வந்த ஆஸ்பத்திரிக்காரனை நேத்துதான் வேணாம்னு சொல்லி அனுப்பினேன். நர்ஸுங்க, வார்டு ஆளுங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அளவாம். டேய், வண்டியை எடு. அவனைப் போய்ப் பிடிக்கணும்."

"மாமா, மாசம் பொறந்தா நான் அங்க..."

"அட, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. ரெண்டு பேரு இருக்கீங்க, ஒரு வருஷத்துல எங்கேயோ போயிடலாம். உனக்கு இங்க என்ன குறை?" செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவள் பக்கம் திரும்பினார். "சமையலை மட்டும் இனிமே கொஞ்சம் சீக்கிரமே முடிச்சுடு."

சின்னவர் சாவியை எடுத்தார். வாசலில் ஒரு நொடி நின்று, "ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா வேலை சீக்கிரம் முடியும்ல" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொன்னாராம்.

வேன் கிளம்பிப் போனது. ஆறிப்போன டீயை யாரும் தொடவில்லை. சின்னவள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நான் இப்படி ஆகும்னு நினைக்கலை" என்றாள். பெரியவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிங் மேஜையடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனாள். இருக்கிற நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, பக்கத்தில் அதைச் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. மேஜையைக் கொஞ்சம் கோணலாக நகர்த்தி மறுபடி செருகினாள். நுழைந்தது.

சின்னவள் கையிலிருந்த போன் அடித்தது. வெளியூர் நம்பர்.

"எடு" என்றாள் பெரியவள், ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே. குரலில் கோபமில்லை. "வரலைன்னு சொல்லிட்டு வா. உனக்குச் சுவர் ஓரமா, எனக்கு வெளிப் பக்கமா? அடுப்புல பருப்பு இருக்கு, நான் அடிக்கடி எழுந்திரிக்கணும்."

சின்னவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.